சாப்ட் வழியே வரும் தண்ணீர்: பக்கிங்கா, மெக்கானிக்கல் சீலா?

நெடுந்தீவுக்கு ஆள் ஏற்றும் வள்ளமோ மயிலிட்டிப் பலநாட்படகோ, உள்ளே இயந்திரம் இருந்தால் சாப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) வெளியேறும் துளையும் உண்டு. அதை அடைக்க முக்கியமாக இரண்டு வழி.

பழையது கிறீஸ் ஊறிய சதுரக் கயிற்றுப் பக்கிங். சாப்டைச் சுற்றி மூன்று நான்கு வளையங்கள்; வெட்டுவாய்கள் ஒரே நேரில் வராமல் 90 அல்லது 120 பாகை தள்ளி வைக்கவேண்டும். சாப்ட் சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளி சொட்டட்டும். குளிர்விப்பது அந்தத் தண்ணீர்தான். சொட்டே கூடாதென்று கிளாண்டின் (பக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி) நட்டை இறுக்கினால் பக்கிங் கருகும், சாப்டில் பள்ளம் விழும். பிறகு புதுக் கயிறு போட்டாலும் ஒழுக்கு நிற்காது. இரண்டு நட்டையும் சமமாக, கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்புங்கள். கிளாண்ட் கை பொறுக்காத சூடென்றால் உடனே தளர்த்துங்கள்.

மெக்கானிக்கல் சீலில் கார்பன் வளையம் அசையாமல் நிற்க, உருக்கு வளையம் அதோடு முகத்தோடு முகம் ஒட்டிச் சாப்டுடன் சுழலும். சொட்டாது, சாப்டும் தேயாது. ஆனால் றப்பர் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) கிழிந்தால் தண்ணீர் பாய்ந்து வரும். மாற்றப் படகைக் கரையேற்றி, சாப்டை இயந்திரத்தோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றவேண்டும். படகை இறக்கியதும் பெல்லோஸை அழுத்திக் காற்றை வெளியேற்றாவிட்டால் முகங்கள் உலர்ந்து எரியும்.

கலங்கல் மண் கிளம்பும் நம் ஆழங்குறைந்த கடலில், நாளாந்தம் ஓடும் படகுக்குப் பக்கிங்கே எங்கள் தெரிவு. ஒழுக்கு மெல்லக் கூடும், கண்ணில் படும், கடலிலேயே இறுக்கலாம். சீல்தான் வேண்டுமென்றால் பெல்லோஸுக்கு இரு முனையிலும் இரட்டைக் கிளிப் போடுங்கள். பில்ஜில் (படகின் அடித்தளத்தில்) தண்ணீர் எச்சரிக்கை மணியும் கட்டாயம்.