எட்டு ஐப்பசி, ஒரு பீலி வலை: தெஹிவளை வீட்டுக் கணக்கு

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கை ஒவ்வொரு ஒக்டோபரும் ஒரு படம் அனுப்புவாள். மேப்பிள் இலை மஞ்சளும் சிவப்புமாகக் கொட்டிக் கிடக்கும், அவளுடைய மனுசன் ஏணியில் ஏறி நின்று கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலிக்குள் கையை விட்டு இலை அள்ளிக்கொண்டிருப்பார். பனி விழுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலையாம். எங்களுக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் அதே நாட்களில் இங்கே தெஹிவளையில் நானும் ஏணியைச் சாத்திக்கொண்டு அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பேன். அங்கே பனி, இங்கே ஐப்பசி மழை.

இந்த வீட்டுக்கு 2018 இல் வந்தோம். பழைய வீடு, அஸ்பெஸ்டாஸ் சீட் கூரை, பின்பக்கம் குசினிக்கு மேலே மட்டும் கொங்கிறீற் தட்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய கொட்டம்பா மரம், நாட்டு வாதுமை என்றும் சொல்வார்கள். உதிர முன்னர் இலை நல்ல சிவப்பாகும், கொழும்பில் இலையுதிர்காலம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதன் கீழ் வந்து நிற்கலாம். சாப்பாட்டுத் தட்டு அளவு இலை, விழுவது எல்லாம் எங்கள் கூரையில். எங்கள் வளவுக்குள் ஒரு மாமரம், ஒரு ஜாம் மரம். மழைக்கு ஆயத்தம் என்று இந்த எட்டு வருடத்தில் வாங்கியவற்றில் எது நின்றது, எது காசைக் கரியாக்கியது என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

முதலில் மழையைப் பற்றி. கொழும்பில் மே ஒரு பெருமழை மாதம், ஒக்டோபர் நவம்பர் இன்னொன்று. மே மழை தென்மேல் பருவக்காற்றோடு வரும். ஒக்டோபர் மழை இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடையில் வருகிறது, காலையில் உடுப்புக் காயப்போடலாம் போல வெயில் எறிக்கும், பின்னேரம் மூன்று மணிக்குக் கறுத்து, இடி இடித்து, ஒரு மணித்தியாலத்துக்குள் ஊத்தித் தள்ளிவிட்டுப் போய்விடும். பீலிக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் சோதனை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீட்டர். எங்கள் கூரையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 60 சதுர மீட்டர், அதில் 50 மில்லிமீட்டர் விழுந்தால் 3,000 லீட்டர். கூரைமேல் வைக்கிற 1,000 லீட்டர் தாங்கி மூன்றைக் கவிழ்த்த மாதிரி, அவ்வளவும் ஒரு டவுன் பைப்பால் இறங்க வேண்டும். அதன் வாயில் ஒரேயொரு கொட்டம்பா இலை படுத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சரி, பீலி வலைக்கு வருகிறேன், எனக்கு அதிகம் கோபம் இருப்பது அதில்தான்.

2018 செப்டெம்பரில் வாங்கினேன். பீலியின் மேல் விரித்து கிளிப் போடுகிற பிளாஸ்டிக் வலை, "இனிப் பீலி துப்பரவு செய்யவே தேவையில்லை" என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். முதல் வருடம் உண்மையாகவே நன்றாக இருந்தது, அதை மறைக்கக்கூடாது. தங்கைக்குப் படம்கூட அனுப்பினேன், நீயும் வாங்கிப் போடு என்று. 2019 நவம்பரில்தான் வலையின் குணம் தெரிந்தது. கொட்டம்பா இலை காய்ந்திருந்தால் காற்றில் பறந்துவிடும். நனைந்தால் அப்பளம் மாதிரி வலைமேல் ஒட்டிக்கொள்ளும். நாலு இலை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அது மூடி, தண்ணீர் பீலிக்குள் இறங்காமல் மேலால் வழிந்து சுவரோடு ஓடும். அடுத்த வருடம் பீலிக்குப் பின்னால் கூரை விளிம்பில் அடித்திருக்கிற வாலன்ஸ் பலகை ஊறி, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

அது பரவாயில்லை, பலகைதானே. ஜாம் மர இலையும் மாம்பூத் தூளும் வலையின் கண்ணுக்குள்ளால் இறங்கி உள்ளே சேறாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. 2021 இல் டெங்குப் பரிசோதனைக்கு வந்த பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், "பீலி கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். "வலை போட்டிருக்கு, பாக்கத் தேவையில்லை" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் ஒன்றும் பேசவில்லை, கூட வந்த தம்பியை ஏணியில் ஏறச் சொன்னார். தம்பி இரண்டு கிளிப்பைக் கழற்றி டோர்ச் அடித்தான். கறுப்புச் சேறு, அதற்கு மேலே இரண்டு விரல் அளவு தண்ணீர், அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டு, எச்சரிக்கையோடு விட்டார். நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று கணக்கு வந்த 2017 இல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிளேட்லெட் கணக்குப் பார்த்துக்கொண்டு என் மகனோடு ஆறு நாள் இருந்தவள் நான். என் வீட்டுக் கூரையிலேயே நுளம்பு வளர்த்திருக்கிறேன்! அன்றைக்கே வலையைப் பிடுங்கினேன், கிளிப் நூற்றுச் சொச்சம், விரலெல்லாம் வெட்டு.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், வலை இல்லை, டவுன் பைப் வாயில் மட்டும் கம்பியால் செய்த ஒரு குமிழ் மூடி. உள்ளங்கையளவுதான், புறக்கோட்டையில் மலிவாக வாங்கினேன், ஐந்தாவது வருடம் ஓடுகிறது. இலை அதைச் சுற்றி நிற்கும், தண்ணீர் இடுக்கால் போய்விடும், கீழே நின்று பார்த்தாலே அடைத்திருக்கிறதா என்று தெரியும். கடல் பக்கம் என்பதால் தகரக் கம்பி வாங்காதீர்கள், உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் துருப்பிடித்துக் கையோடு வரும். கறள் பிடிக்காத கம்பி கொஞ்சம் கூட விலை, கொடுக்கலாம்.

பீலியே பீவீசி. அதைக் குறை சொல்ல மாட்டேன், பொருத்தியவரைத்தான் சொல்வேன். ஆறு மீட்டர் பீலி வெயிலிலும் மழையிலும் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும், அதற்கு இடைவெளி விடாமல் எல்லா மூட்டையும் பசை போட்டு இறுக்கினால் எங்காவது வெடித்துத்தான் ஆகும். எங்களுக்கு இரண்டு மூட்டு வெடித்தது. பிறகு வந்த வயதான பாஸ் (திருத்த வேலைக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரு நூலைக் கட்டி, பத்து அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்து, பழைய பீலியையே திருப்பிப் பொருத்தினார். முந்தி நடுவில் தேங்கி நின்ற தண்ணீர் அதற்குப் பிறகு நிற்கவில்லை. புதுப்பீலி வாங்கச் சொல்லாத ஒரே மனிதர் அவர்தான். அஸ்பெஸ்டாஸ் கூரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பாசியைச் சுரண்டவோ, காய்ந்த கூரையைத் தும்புத்தடியால் தேய்க்கவோ, பிரஷர் வோஷர் அடிக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போகக்கூடாத தூசு. அதன்மேல் ஏறியும் நடக்காதீர்கள். நான் பீலியை மட்டும் ஏணியிலிருந்தே, ஈரமாக வைத்து அள்ளுகிறேன்.

குசினித் தட்டுக்கு நீர் கசியாத பெயின்ட். முதல் தடவை செப்டெம்பர் கடைசியில், மழை வரப்போகிறதே என்ற அவசரத்தில் அடித்தோம். கொங்கிறீற்றுக்குள் ஈரம் இருந்திருக்கிறது, தீபாவளிக்குள் தோசை மாதிரி கொப்பளம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 க்குப் போன வருடம் அடுத்த வாளி வாங்க வேண்டி வந்தது, விலையைக் கேட்டு அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தடவை பிப்ரவரி வரை பொறுத்து, கழுவி, ஒரு கிழமை காயவிட்டு, இரண்டு பூச்சு. மூன்று மழைக்காலம் தாண்டியும் நிற்கிறது. பெயின்ட் இரண்டு முறையும் ஒரே பெயின்ட்தான்.

நாள் குறிப்பதில் அம்மா கெட்டிக்காரி. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகிற நாளெல்லாம், வந்து ஒரு வேலை என்று வைத்துவிட்டார். ஒரு சனி பீலி, ஒரு சனி தோட்டம், ஒரு சனி அலுமாரி, இப்படி. கைபேசியில் வைத்த நினைவூட்டலை நான் எத்தனையோ தடவை தள்ளிப் போட்டிருக்கிறேன், சனீஸ்வரனைத் தள்ளிப்போட ஏலாது.

தோட்டத்துச் சனி பெரும்பாலும் பூச்சட்டி கவிழ்ப்பதுதான். வெறுமனே தண்ணீரை ஊற்றினால் போதாது, டெங்கு நுளம்பு முட்டை சட்டியின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்து முதல் மழையில் பொரிக்கும். தும்பால் தேய்க்க வேண்டும். பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, அன்னாசியின் இலைக்கக்கம் இரண்டையும் மறக்க வேண்டாம். கொச்சிக்காய், கத்தரிப் பைகளை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிடுவேன், ஓட்டையில் வேர் அடைத்திருந்தால் குத்திவிடுவேன், தண்ணீர் நின்றால் கன்று மூன்றே நாளில் தலையைத் தொங்கப்போடும். பசளை போடுவதில்லை, மழை கழுவிக் கானுக்குள் கொண்டுபோகும். மாங்கொப்பு வெட்டுவது காய் முடிந்த கையோடு. கூரையைத் தொடுகிற கொப்பு எலிக்குப் பாலம்.

நத்தைக்குச் செம்பு நாடா வாங்கி ஒட்டினேன், ஒரு பெரிய ஆபிரிக்க நத்தை அதன்மேல் ஏறிப் போனதை நின்று பார்த்தேன். சாம்பல் வட்டம் மழை வரும் வரை நன்றாக வேலை செய்யும், நத்தை வருவதே மழைக்குத்தான். இரவு எட்டு மணிக்கு டோர்ச், கையுறை, உப்புத் தண்ணீர் வாளி, இதைவிட ஒன்றும் எனக்குச் சரிவரவில்லை. கையுறை கட்டாயம், நத்தையில் எலிப் புழு இருக்கலாம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரம் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை இடி தொடங்க முன் அழுத்திப் பாருங்கள், எங்களுடையது விழாமல் நின்று பயமுறுத்தியது, மாற்றினோம். ஒரு ரவுட்டர் இடியில் போனது, அதற்குப் பிறகு கறுத்ததுமே கழற்றிவிடுகிறோம். அலுமாரிக்கு வாங்கிய ஈரம் உறிஞ்சும் டப்பா மூன்று கிழமையில் நிறைந்துவிடும், சேலைக்கு அதைவிட செப்டெம்பர் வெயில் நல்லது.

இவ்வளவும் சாதாரண மழைக்கு. 2010 நவம்பரில் கொழும்பில் ஒரே நாளில் 440 மில்லிமீட்டர் விழுந்து பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் வந்தது. 2025 இல் டித்வா புயல் வந்தபோது களனி கங்கை பெருகிக் கொலன்னாவையில் ஆட்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படி ஒரு மழைக்கு என் கம்பி மூடியும் ஒன்றுதான், கடைக்காரரின் வலையும் ஒன்றுதான். டித்வா அன்று இரவு நான் செய்ததெல்லாம் குடையோடு வெளியே போய் டவுன் பைப்பைத் தொட்டுப் பார்த்ததுதான், உள்ளே தண்ணீர் ஓடுகிற அதிர்வு கையில் தெரிந்தது, வந்து படுத்துவிட்டேன்.

வலை என்ன ஆனது என்று தங்கை போன மாதம் கேட்டாள். எறிய மனம் வரவில்லை. பின் மதிலோடு இரண்டு தடி நட்டுக் கட்டியிருக்கிறேன், பாகல் அதில் ஏறி நன்றாகக் காய்க்கிறது.