குன்னூரில் தங்க: ஹாஸ்டலா, போர்ஷனா, சேர்ந்தெடுத்த வீடா?

வேலைக்காகக் குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் பக்கம் வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையை. நான் விசாரிக்கச் சொல்வது வேறு மூன்று விஷயங்களை. வெந்நீருக்கு என்ன வழி, மழை மாதங்களில் துணி எங்கே காயும், ஏப்ரல் பிறந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வார். இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே எங்கே தங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். மூன்று ஏற்பாட்டிலும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் என் ஓட்டு சேர்ந்தெடுத்த வீட்டுக்கு. அதுவும் மூன்று பேர் சேர்ந்தெடுத்த வீட்டுக்கு.

ஹாஸ்டலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் சில மாதங்களுக்கு அதுதான் சரி. பெரிய அட்வான்ஸ் கிடையாது, பாத்திரம் பண்டம் வாங்க வேண்டாம், ஊர் பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் சுவர் ஓரமாகக் கட்டிய ஒரு கொடியில் பத்துப் பேர் துணி காயவேண்டும் என்றால், ஜூலையில் போட்டது ஈரவாடையோடுதான் திரும்பி வரும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்குக் கேட் பூட்டும் நேரம் ஒரு தொல்லை. காலை ஏழு மணிக்குச் சுட்ட தோசை எட்டு மணிக்கு இந்தக் குளிரில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது போர்ஷன். வீட்டுக்காரர் மேலே இருப்பார், கீழே ஒரு அறையும் சமையல் மேடையும் குளியலறையும் நமக்கு. தனியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது, வீட்டுக்காரர் நல்லவராக அமைந்துவிட்டால். எனக்கு அமைந்த ஓனர் அக்கா, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்த நாளெல்லாம் ஒரு கிண்ணம் கொடுத்துவிடுவார். காய்ச்சலில் படுத்திருந்தபோது கஞ்சி வந்தது. அதே அக்காதான், "ஏன் கண்ணு, நேத்து பதினோரு மணி வரைக்கும் லைட் எரிஞ்சுதே, உடம்பு சரியில்லையா?" என்றும் கேட்பார். அக்கறைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து வயதில் லைட்டை எப்போது அணைத்தேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை.

போர்ஷனில் பெரிய சிக்கல் சீசன். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி மலர்க் கண்காட்சி பார்க்கவும் வெயிலுக்குப் பயந்தும் வருகிற கூட்டத்துக்கு அந்த அறையை நாள் வாடகைக்கு விட்டால், நாம் மாதம் முழுக்கக் கொடுப்பதை ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும் என்றான பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. "ரெண்டு மாசம் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்" என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர்களிடம்தான் இப்படிக் கேட்க முடியும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும்.

இனி சேர்ந்தெடுத்த வீடு. இதில் ஜெயிப்பதும் தோற்பதும் குளியலறையில். 15 லிட்டர் கீசர், 2000 வாட். சென்னையில் 28 டிகிரித் தண்ணீரை 45 டிகிரிக்கு ஏற்ற அதற்கு ஒன்பது நிமிடம் போதும். இங்கே டிசம்பரில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரியில் இருந்தால் பதினேழு நிமிடம் ஆகும். மூன்று பேரும் காலை ஆறரைக்கே குளித்தாக வேண்டும் என்றால் அந்த வீட்டில் ஒரு மாதம்கூட நிம்மதி இருக்காது. அதனால்தான் கூடத் தங்க ஆள் தேடும்போது பழைய சிநேகிதியா என்று பார்ப்பதைவிட, எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் என்று பாருங்கள் என்கிறேன். எங்கள் வீட்டில் ஒருத்தி நர்ஸ், ஒருத்தி பள்ளிக்கூட ஆசிரியை, நான் அலுவலகக்காரி. "அக்கா, கீசர் போட்டுட்டுக் கிளம்பறேன், ஆறே காலுக்கு எழுந்துடுங்க" என்று கதவைத் தட்டிவிட்டு நர்ஸ் போய்விடுவாள். முன்பின் தெரியாமல் சேர்ந்தவர்கள்தான் நாங்கள் மூவரும்.

மின்சாரக் கணக்கையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். ஒரு தடவை கீசர் தண்ணீர் சுட அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். மூன்று பேர், அறுபது நாள் என்றால் நூறு யூனிட்டைத் தாண்டும். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட் குளியலுக்கே போய்விடுகிறது. ஒருவர் மட்டும் ராத்திரி ஒரு மணி நேரம் 2000 வாட் ரூம் ஹீட்டர் போட்டாலும் இரண்டு மாதத்தில் 120 யூனிட் கூடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு விலை ஏறுவது மட்டுமில்லை, 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் போய்விடும். ஒருவரின் ஹீட்டருக்கு மூவரும் தண்டம் கட்டுவது நியாயமில்லை. ஹீட்டர் வைத்திருப்பவர் அதற்கான யூனிட்டைத் தனியாகக் கட்ட வேண்டும், அல்லது வெந்நீர்ப் பையோடு படுக்க வேண்டும். இதற்குப் பயந்து யாரும் மூடிய அறைக்குள் கரிக் கும்முட்டி அடுப்பை வைத்துவிடாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இவ்வளவு பஞ்சாயத்து இருந்தும் ஏன் இதற்கு ஓட்டு என்றால், மலையில் ஒற்றை ஆளால் ஒரு வீட்டை நடத்துவது கஷ்டம். கோடையில் நகராட்சித் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இருந்தால்தான் தொட்டி நிரம்பும். வேறு வேறு ஷிஃப்டில் இருக்கும் மூன்று பேரில் ஒருவராவது இருப்பார். மாவு அரைத்தால் ராத்திரியோடு புளிக்காது. எங்கள் வீட்டில் குக்கர் இறக்கிய சூட்டோடு அடுப்புக்குப் பக்கத்தில் மாவுச் சட்டியை வைத்து, பழைய ஸ்வெட்டரைச் சுற்றிவிடுவோம். அடுத்த நாள் சாயங்காலம்தான் பொங்கும். தனி ஆளாக இருந்தபோது இதற்கெல்லாம் பொறுமை இல்லாமல் ராத்திரி பன்னும் டீயும்தான். கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றத்தில் நடக்கும்போது தேயிலைத் தோட்டத்து ஓரம் காட்டெருமை நின்றால், "மேட்டுப் பக்கமா சுத்தி வாங்க அக்கா, கேட் கிட்ட நிக்குது" என்று போன் பண்ணிச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருப்பது சாதாரண விஷயமில்லை.

ஏன் மூன்று பேர்? இரண்டு பேர் என்றால் ஒரு மனஸ்தாபம் வந்தாலே வீடு இரண்டாகிவிடும், ஒருவர் கிளம்பினால் மற்றவர் தலையில் முழு வாடகையும் விழும். நான்கு பேருக்கு ஒரு கீசர் தாங்காது.

ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் எடுத்து மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டால் அது உள்வாடகை ஆகும். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒருவர் நடுவில் போனால் அவருடைய அட்வான்ஸ் பங்கை வீட்டுக்காரரிடம் கேட்காமல், புதிதாக வருகிறவர் கொடுத்துவிட வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்க மே மாதத்தில் வராதீர்கள். வெயிலில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கனமழை அக்டோபர், நவம்பரில். அப்போது வந்து படுக்கையறையின் வெளிப்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கூரைத் தகடு போட்டு மூடிய, காற்று வருகிற ஒரு தாழ்வாரம் இருக்கிற வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் விடாதீர்கள். மூன்று பேர் துணி அங்கேதான் காய்ந்தாக வேண்டும்.