மாடியை வாடகைக்கு விடுவதா, வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையோடு போய் இருப்பதா?

எங்கள் வீட்டில் இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் இருந்த காலத்தில் வாரத்துக்கு மூன்று தடவை ஓடும். மகள் 2019ல் கல்யாணமாகி புனேக்குப் போனாள். மகன் 2022ல் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனான். அதற்குப் பிறகும் ஒருநாள் பழக்கதோஷத்தில் மூன்று உழக்கு அரிசி ஊறப்போட்டு ஆட்டிவிட்டேன். ஐந்து நாள் வாய் பேசாமல் தோசை தின்ற என் வீட்டுக்காரர் ஆறாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "நாம ரெண்டு பேருதான் இருக்கோம், தெரியும்லா?" என்றார்.

தெரியும்தான். ஆனால் கைக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், "இனி என்ன செய்யப் போறிய? இவ்வளவு பெரிய வீட்ல ரெண்டு பேரும் என்னத்தப் பண்ணுவிய?" என்றுதான் கேட்டார்கள். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை என்று 1998ல் கட்டிய வீடு. மாடிப்படி வெளிப்பக்கம். (இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) எங்கள் முன்னால் நாலைந்து வழிகள் இருந்தன. சிலவற்றை யோசித்தோம், ஒன்றைச் செய்து பார்த்துத் திரும்பினோம், இன்னொன்றில் இப்போது இருக்கிறோம். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை: மாடியை வாடகைக்கு விட்ட பக்கம்.

முதலில் தள்ளியவற்றைச் சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருடைய பூர்வீக வீடு இருக்கிறது. தார்சா, பட்டாசல், அரங்கு, மச்சு என்று பழைய காலத்துப் பகுதிகள் எல்லாம் உள்ள ஓட்டு வீடு. வாய்க்கால் பக்கம், வயல் காற்று, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. ராத்திரி நெஞ்சு வலித்தால் ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடி வரவேண்டும். அந்தத் தெருவில் எங்களைவிட வயது குறைந்தவர்கள் மூன்று வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டில் சத்தமில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் போய்ச் சேரவேண்டிய இடம் அது இல்லை.

வீட்டை விற்றுவிட்டு அபார்ட்மென்ட் வாங்கு என்று என் தங்கை சொன்னாள். நான் அபார்ட்மென்டில் குடியிருந்ததில்லை. அவள் இருக்கிறாள். லிஃப்ட் ரிப்பேருக்கு யார் எவ்வளவு போடுவது என்று அவர்கள் சங்கத்தில் நடக்கும் சண்டையை வாராவாரம் போனில் கேட்டதிலேயே எனக்கு ஆசை போய்விட்டது. கோயம்புத்தூரில் முதியோருக்கென்று கட்டியிருக்கும் குடியிருப்பு ஒன்றையும் போய்ப் பார்த்தோம். பார்த்தது அரை நாள்தான். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, நடைபாதையெல்லாம் கைப்பிடி வைத்திருந்தார்கள். தனியாகிவிட்ட ஒருவருக்கு, அதுவும் எழுபத்தைந்துக்கு மேல், அதுதான் சரியோ என்னவோ. அரை நாளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொன்னால் அது நியாயமில்லை.

மிச்சமிருந்தது பெங்களூர். 2023ல் புரட்டாசி முடிந்த கையோடு கிளம்பினோம். நாகர்கோவிலில் இருந்து வரும் ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் அங்கே. துணிமணி, புளி, வத்தல், கருப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். மகனும் மருமகளும் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள், அதில் குறையே கிடையாது. ஆனால் இருவருக்கும் வேலை. காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி எட்டாகும். பதினோராவது மாடி. பாலும் காய்கறியும் போனில் சொன்னால் வாசலில் வந்து இருக்கும், கொண்டுவந்த ஆளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. பகல் முழுக்க அவர் ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல். மூன்றாவது வாரம் எனக்கு உறைத்தது: பெருமாள்புரத்து அமைதியைத்தான் மூட்டை கட்டி லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறோம். இங்கே பேரன் பேத்தி இருந்திருந்தால் என் கணக்கு வேறாக இருந்திருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பியிருக்க மாட்டோம். பழகியிருப்போம். எங்களைத் திருப்பி அனுப்பியது பூட்டிப்போட்ட வீடு.

ஆள் இல்லாத வீடு எப்படிக் கெடும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பூட்டிவிட்டால் தேய்மானம் இல்லை, அப்படியே இருக்கும் என்றுதான் நினைத்தோம். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் குழிக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சில வாரம் யாரும் குளிக்காவிட்டால் அது வற்றிவிடும். அப்புறம் வீட்டுக்குள் இரண்டும் தாராளமாக வரும். ஓடாமல் கிடந்த மோட்டார் துருப்பிடித்து இறுகிவிடும். சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற ஆள் இல்லை. ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். சாத்தக் கூடாதாம், திறந்து வைக்க வேண்டுமாம். உள்ளே பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருந்தது. பின்கட்டுக் கதவு நிலையில் கறையான் சுண்டுவிரல் தடிமனுக்கு மண் கோடு போட்டு மேலே ஏறியிருந்தது. தினமும் கண்ணில் பட்டிருந்தால் விளக்குமாற்றால் தட்டிவிட்டு மருந்து அடித்திருப்போம்.

ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லலாமே என்பீர்கள். வைத்தோம். மாதம் இரண்டு தடவை ஒருவர் வந்து, கேட்டைத் திறந்து, சுற்றிப் பார்த்து, "எல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி" என்று போன் பண்ணிவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யில்லை. வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குழாயைத் திறந்து மூட வேண்டும், கக்கூஸில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மோட்டாரைப் போட வேண்டும், ஜன்னலைத் திறந்து காற்று வரவிட வேண்டும். அதையெல்லாம் மாதம் இரண்டு தடவை வருகிறவரிடம் எப்படி எதிர்பார்ப்பது?

அப்புறம் அந்த மழை. மார்கழி முதல் தேதி, 2023 டிசம்பர் 17. நெல்லையும் தூத்துக்குடியும் தண்ணீரில் கிடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கலெக்டர் ஆபீசும் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. நாங்கள் பதினோராவது மாடியில் டிவி முன்னால். பக்கத்து வீட்டு மைனிக்குப் போன் போகவில்லை. சாவி அவர்களிடம்தான் இருந்தது. மூன்றாம் நாள் லைன் கிடைத்தபோது அவர்கள் சொன்ன முதல் வார்த்தை, "மைனி, ஆத்துத் தண்ணி வரல, பயப்படாதிய. ஆனா மாடி ஒழுகுது."

பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தோம். ஆற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் தூரம் அதிகம். வெள்ளம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடந்தது இதுதான்: மொட்டை மாடியில் தண்ணீர் போகும் குழாயின் வாயை வேப்பிலை அடைத்திருந்தது. அவ்வளவு மழையும் மேலேயே குளம் மாதிரி நின்று, விரிசலில் இறங்கி, மகன் அறையில் இருந்த மர அலமாரியில் ஊறியிருந்தது. மகள் கல்யாண ஆல்பம் ஒரே பலகையாக ஒட்டிப்போனது. மார்க்‌ஷீட்டெல்லாம் லேமினேட் பண்ணியிருந்ததால் பிழைத்தது. இத்தனைக்கும் காரணம் ஒரு கைப்பிடி வேப்பிலை. யாராவது ஒருவர் மேலே ஏறிக் காலால் தள்ளியிருந்தால் முடிந்திருக்கும்.

அதனால்தான் வாடகைப் பணத்தைவிட இந்தப் பராமரிப்பைப் பெரிதாகச் சொல்கிறேன். வாடகை 9,000 ரூபாய். வருஷத்துக்கு 1,08,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அதில் போய்விடும். வருமான வரிக் கணக்கில் வாடகையில் 30 சதவீதம் கழிவும் உண்டு. ஆனால் இந்த ஊரில் வாடகை வாங்கிப் பணக்காரராகிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மார்கழியில் யார் வீடு மாறுவார்கள்? தை பிறந்ததும்தான் அட்டை தொங்கவிட்டோம். பாளையங்கோட்டையில் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம், அதுபோகக் கல்லூரிகள், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. பிள்ளைகள் படிப்புக்காகவே கிராமத்தில் இருந்து இங்கே வந்து குடியிருப்பவர்கள் ஏராளம். முதலில் வந்தவர்கள் சரிப்படவில்லை. நாலே மாதத்தில், கரண்ட் பில் பாக்கியோடு காலி பண்ணிப் போனார்கள். தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. தெரிந்தவர் சொன்னார் என்று வாய்ப்பேச்சிலேயே விட்டிருந்தோம். இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தோம். தமிழ்நாட்டில் 2019 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கினோம். இதில் சோம்பல் படாதீர்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த விலையில் கிடைத்த யூனிட்டுகளின் விலையே கூடிவிடும். அப்புறம் யார் எவ்வளவு கொடுப்பது என்பதில் முகம் கோணும்.

மாடிப்படி வெளியே இருந்ததைச் சொன்னேன் அல்லவா? அது இல்லாவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. ஹாலுக்குள் படி இருக்கிற வீட்டில் அடுத்தவரைக் குடிவைக்க என்னால் முடியாது. இன்னொருவருக்கு முடியலாம்.

இப்போது மேலே இருப்பது ஒரு நர்ஸ், அவருடைய வீட்டுக்காரர், இரண்டு பையன்கள். நஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனி ஆடியில் பொதிகைக் காற்றுக்கு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்பது என் வீட்டுக்காரருக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். அது போச்சு. கூழ்வத்தல் காயப்போட அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் தலைக்கு மேலே ஏதோ இரும்பு உருளும். என்ன என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தீபாவளிக்கு எல்லோரும் வந்தால் ஹாலில்தான் வரிசையாகப் படுக்கிறோம். எல்லாவற்றையும்விட, மகள் போனில் கேட்டதுதான் சங்கடம்: "அம்மா, என் ரூம்ல யாரோ இருக்காங்களா?" அவள் அந்த அறையில் வாழ்ந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. சுவரில் அவள் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கரை எடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருப்பதை மட்டும் சொன்னேன்.

சத்தம் என்ன ஆயிற்று என்றால், வந்துவிட்டது. காலை ஏழே முக்காலுக்கு வேன் ஹார்ன் அடிக்கும். "அம்மா, சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு" என்று மேலே ஒரு கத்தல் கேட்கும். இருபது வருஷம் இதே கத்தலுக்கு நான் ஓடியிருக்கிறேன். இப்போது காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் இருந்து கேட்கிறேன். அந்தச் சாக்ஸைத் தேடித் தர வேண்டியது நானில்லை என்பது தனி சுகம்.

இன்னொன்று நாங்கள் எதிர்பாராதது. மாடியில் ஆள் வந்த பிறகுதான் பெங்களூருக்குக் கவலையில்லாமல் போக முடிகிறது. இரண்டு வாரம், மூன்று வாரம் இருந்துவிட்டு வருகிறோம். மோட்டார் ஓடுகிறது, கேட் திறந்து மூடுகிறது, கீழே குளியலறையில் வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு சாவி கொடுத்திருக்கிறோம். ஐப்பசி பிறந்ததும் மொட்டை மாடிக் குழாயைப் பெரிய பையன் சுத்தம் பண்ணுகிறான். அதற்கு அவன் கேட்கும் கூலி இருட்டுக்கடை அல்வா கால் கிலோ. மகனுக்கும் நாங்கள் மாதக்கணக்கில் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைவிட, மூன்று வாரம் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டு வருவது பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் இருவரில் ஒருவர் படுத்துவிட்டால், அல்லது ஒருவர் மட்டும் மிஞ்சினால் இது தாங்குமா? அந்த அனுபவம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. அப்போது பெங்களூரையும் கோயம்புத்தூரையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பே நர்ஸம்மாவுக்கு மாறுதல் வரலாம் என்று பேச்சு அடிபடுகிறது. 'மாடி வாடகைக்கு' என்று என் வீட்டுக்காரர் கைப்பட எழுதிய அட்டை ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை.