பள்ளிக்கரணையா, பிச்சாவரமா?

இரண்டுமே, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலங்கள். ஆனால் பட்ட பாடு வேறு வேறு.

பள்ளிக்கரணை நன்னீர்ச் சதுப்பு. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குப் போகும். ஊர்க்காரர்களுக்கு இது கழுவெளி, அதாவது வெள்ளம் வந்து தங்கும் வெளி. அரசு ஆவணங்களில் தரிசு. அந்த ஒரு சொல்தான் வினை. குப்பைக் கிடங்கு, ரயில் நிலையம், ஐடி வளாகம் எல்லாம் ஏறி உட்கார்ந்தன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது; 2021-இல் பூங்கா திறந்தார்கள். நாமக்கோழி கோரைக்குள் நழுவுவதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பெருங்குடி குப்பைமேடு தெரியும். மனசு கனத்துவிடும்.

பிச்சாவரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம் இன்றும் இங்கே நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கூறு கூறாக மொட்டையடித்தார்கள். வெட்டிய தரை பள்ளமாகி, தேங்கிய நீர் வற்றி, உப்பேறி, கன்று பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி கடல் ஏற்றத்தில் வரும் ஓதநீரை உள்ளே விட்டார்கள். காடு திரும்பியது. 2004 சுனாமியில் பின்னாலிருந்த ஊர்களுக்கு அதுவே அரணானது. அப்புறம், அங்குள்ள இருளர்கள்: பறி என்னும் மீன்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, நீருக்குள் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள்.

அழகுக்குப் பிச்சாவரம்தான், சந்தேகமில்லை. ஆனால் சென்னையில் இருப்பவர்கள் முதலில் பள்ளிக்கரணைக்குப் போங்கள். 2015-இல் வீட்டுக்குள் வந்த தண்ணீர் தேடிய இடம் அதுதான்.