அப்பம்மாவுக்கு நத்தார் பரிசு: மாக் கையா, துணிப் பையா, நாட்காட்டியா?

கொட்டாஞ்சேனையில் என் மாமியின் கண்ணாடி அலுமாரியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், நான்கு விரல்களோடு ஒரு சிறிய கை இருக்கிறது. ஐந்தாவது விரல் தீப்பெட்டி ஒன்றுக்குள் தனியாக இருக்கிறது. என் மகன் நத்தாருக்குச் செய்து கொடுத்த பரிசு அது. மாமி அதை எறியவும் மாட்டார், பேரனிடம் விரல் கழன்ற கதையைச் சொல்லவும் மாட்டார். தீப்பெட்டியை நான் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான்.

டிசம்பர் விடுமுறை தொடங்கினால் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் இதே பேச்சு: அப்பம்மாவுக்கு என்ன செய்யலாம்? மகனுக்கு ஐந்து வயது, மகளுக்குப் பத்து. இதுவரை பலதும் செய்து பார்த்துவிட்டோம். நான் பார்ப்பது இரண்டே விடயங்கள். பிள்ளையே செய்கிறதா, அல்லது பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க நான் செய்கிறேனா? பெப்ரவரியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பொருள் மாமியின் கையில் இருக்குமா, அலுமாரிக்குள் இருக்குமா?

முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோதுமை மா 2 கப், உப்பு 1 கப், தண்ணீர் ஏறக்குறைய 1 கப். (உப்பும் மாவும் என்றதும் காலைச் சாப்பாட்டை நினைக்க வேண்டாம், வாயில் வைக்க முடியாத உப்பு.) பிசைந்து தட்டையாக்கி, பிள்ளையின் கையை அழுத்தி எடுத்து, 100 முதல் 120 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஓவன் அடுப்பில் வைத்தால் ஓடுபோல் இறுகிவிடும். எங்கள் மகன் இன்னும் ஒருபடி மேலே போய், விரல்களைச் சுற்றிக் கத்தியால் வெட்டச் சொன்னான். அழகாகத்தான் இருந்தது. ஐந்து வயதுக் கையின் அளவை அப்படியே பிடித்து வைக்கும் பரிசு வேறு எதுவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். உப்புப் போத்தலுக்குள் நாம் நான்கு அரிசியைப் போட்டு வைப்பது இதற்காகத்தான். கொழும்பில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. மாவுக்குள் இருந்தாலும் உப்பு உப்புத்தான். வார்னிஷ் பூசினால் தாமதமாகும். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என்று எல்லாப் பக்கமும் பூச வேண்டும். நான் முன்பக்கம் மட்டும் பூசினேன். பின்பக்கத்தால் ஈரம் ஏறி, சித்திரைக்குள் சுண்டுவிரல் பிட்டுப்போல் உதிரத் தொடங்கிவிட்டது.

வாசனைப் பொருட்களை ஒரே மூச்சில் தள்ளிவிடலாம். தோடம்பழத்தில் கராம்பு குத்திக் காய வைப்பது குளிரும் வறட்சியும் உள்ள நாடுகளுக்குச் சரி; எங்கள் குசினியில் அது ஒரு வாரம் முடியுமுன்னே பச்சைப் பூஞ்சணம் பூத்தது. உருக்கி வார்க்கும் கிளிசரின் சவர்க்காரம் நம் காற்றில் வியர்த்து ஒழுகும். மெழுகுதிரி என்றால் கொதிக்கும் மெழுகை நான்தான் ஊற்ற வேண்டும், பிள்ளைக்குத் திரியைப் பிடிக்கும் வேலை மட்டும். ஐஸ்கிரீம் குச்சிப் படச்சட்டகம் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. மாமியிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன.

ஆகவே மிஞ்சுபவை துணிப் பையும் நாட்காட்டியும்.

பைக்கு வேண்டியது தடித்த பருத்தித் துணி. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் வெட்டுத் துண்டுகளாகக் கிடைக்கும். டிசம்பரில் அங்கே போவதென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். துணியை முதலில் ஒருமுறை கழுவிக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சிப் பசையின் மேல் நிறம் நிற்காது. அச்சுக்கு வெண்டைக்காய். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் விதைகளின் புள்ளிகள். நத்தார் நட்சத்திரத்தை இதைவிடச் சுலபமாக எந்தக் கடையும் தராது. வெட்டியவுடன் அச்சிட்டால் வழவழப்பு நிறத்தைத் தள்ளிவிடும், கோடு கலங்கும். வெட்டுமுகத்தைக் கடதாசியால் ஒற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டால் நட்சத்திரம் சுத்தமாக விழும். மகன் முப்பது நட்சத்திரம் குத்தினான். அதில் பத்துப் பதினொன்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, அதைத்தான் மாமி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நிறம் நன்றாகக் காய்ந்தபின் துணியைப் புரட்டி உட்பக்கத்தில் இஸ்திரிக்கைப் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும். இஸ்திரியும் தையலும் மட்டும் என் வேலை.

நாட்காட்டி வேறு விதமான உழைப்பு. பிரிஸ்டல் மட்டையில் பன்னிரண்டு தாள்கள், பெரிய எழுத்து. மாமியின் கண்ணில் வெண்புரை. கடைகள் இலவசமாகத் தரும் நாட்காட்டிகளில் போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) எதுவென்று பார்க்க அவர் கதிரையில் ஏற வேண்டியிருக்கும். மகள் ஒவ்வொரு போயாவுக்கும் மஞ்சள் வட்டம் போட்டாள், ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்குச் சிவப்பு, ஓகஸ்ட் 15 மடு மாதா திருநாளுக்கு நீலம், குடும்பத்தார் பிறந்தநாட்களுக்குப் பூ. உயிர்ப்பு ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கும் விழும் என்பதால் அதை மட்டும் பென்சிலில் எழுதச் சொல்லி, பிறகு சரிபார்த்தேன்.

சரிபார்க்க மறந்தது ஜூனை. பிள்ளை ஜூனுக்கு 31 நாள் எழுதிவிட்டாள். ஒரு மாதம் முடிந்த கிழமையிலிருந்து அடுத்த மாதத்தைத் தொடங்கியவள் ஆகையால், ஜூலையிலிருந்து எல்லாக் கிழமைகளும் ஒன்று தள்ளிப் போயின. மாமி ஜூலையில் கண்டுபிடித்து, மீதி ஆறு தாள்களையும் தாமே திருத்திவிட்டார். "எனக்கு மட்டும் ஒருநாள் கூடக் கிடைத்திருக்கிறது, விடு பிள்ளை" என்றார். உங்கள் வீட்டில் செய்வதாக இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன்: சாதாரண ஆண்டில் ஜனவரி 1 எந்தக் கிழமையோ டிசம்பர் 31 அதே கிழமையில் முடிய வேண்டும். லீப் ஆண்டில் அதற்கு அடுத்த நாளின் கிழமை. முடியாவிட்டால் நடுவில் எங்கோ ஒரு ஜூன் 31 இருக்கிறது.

செலவில் நாட்காட்டி மலிவு. மட்டையும் நிறப் பேனைகளும் நூலும் போதும். பைக்குத் துணிச் சாயம் வாங்க வேண்டும், ஆனால் மிச்சச் சாயம் அடுத்த ஆண்டுக்கும் வரும். நேரத்தைப் பார்த்தால் பை ஒரு பின்னேர வேலை. நாட்காட்டியில் 365 எண்கள். மகள் ஏப்ரல் வரை உற்சாகமாக எழுதினாள், மே மாதம் முணுமுணுத்தாள், செப்டெம்பருக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டை அவித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. டிசம்பர் முதலாம் திகதியே தொடங்கி நாளுக்கு ஒரு தாள் என்று வைத்தால் இந்த அழுகை இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது எட்டாத வேலை; ஓரத்தில் படம் கீற விடலாம், அவ்வளவுதான்.

எழுதத் தெரிந்த பிள்ளை என்றால் நாட்காட்டிக்கே என் வாக்கு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். மாமி செவ்வாய்தோறும் அங்கே போவார். மெழுகுதிரிப் பொதியும் செபப் புத்தகமும் குடையும் இப்போது அந்த வெண்டைக்காய்ப் பையில்தான் போகின்றன. நாட்காட்டியைப் பார்க்க யாராவது வீட்டுக்கு வர வேண்டும். பையோ வாரத்துக்கு ஒருமுறை வெளியே போய், வாங்கில் பக்கத்தில் இருப்பவரை "இது எங்கே வாங்கியது?" என்று கேட்க வைக்கிறது. "பேரன் செய்தது" என்று சொல்வதற்காகவே மாமி பையை மடியில் முன்பக்கமாகத் திருப்பி வைக்கிறார் என்று என் கணவர் சொல்கிறார்.

ஆகவே இந்த ஆண்டும் பைதான், ஒரு திருத்தத்தோடு. மாவில் பிடிக்க நினைத்த கையைத் துணியில் பதிக்கப் போகிறோம்: பையின் உட்புறத்தில் மகனின் கை, பணப்பையைத் தேடும்போது மாமியின் விரல் படும் இடத்தில். தண்ணீரில் கரையும் சாயமாகப் பார்த்து வாங்க வேண்டும், பதித்த உடனே பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட வேண்டும். தைப்பதற்கு முன்பே பதித்துவிடுங்கள். சென்ற முறை தைத்த பைக்குள் மட்டை செருக மறந்து அச்சிட்டதில் சாயம் ஊறி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொண்டன. பிரித்தெடுக்க அரை நாள் போனது.