டைகர் மாத்தின் மூக்குக்குள் எதைப் பொருத்தலாம்?

பழைய இரட்டைச்சிறகுப் பயிற்சி விமானமான டி ஹாவிலண்ட் டைகர் மாத்தைக் கால் அளவு ரேடியோ கன்ட்ரோல் மாடலாகச் செய்ய உட்காரும் எவரும் முதலில் கேட்பது, "எத்தனை சிசி எஞ்சின் போடலாம்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சுலபம். 20 சிசியிலிருந்து 26 சிசி வரை எதைப் பூட்டினாலும் விமானம் எழும்பிவிடும். எந்த எஞ்சினைப் போட்டால் அந்த மூக்கு டைகர் மாத்தின் மூக்காகவே இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பாதி மாடல்கள் கெட்டுப்போவது அங்கேதான். பக்கவாட்டில் ஒரு பெரிய ஓட்டை, அதில் சிலிண்டர் தலை துருத்திக்கொண்டிருக்கும். கீழே ஒரு மஃப்ளர் தொங்கும்.

அசல் விமானத்தை ஒரு முறை பார்த்துவிடுவோம். 1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலாகப் பறந்தது. டிஹெச்.82ஏ வகையில் இருப்பது ஜிப்ஸி மேஜர் எஞ்சின்: வரிசையாக நான்கு சிலிண்டர், காற்றால் குளிர்வது, 130 குதிரைத்திறன். அது தலைகீழாகத் தொங்குகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். கிராங்க் ஷாஃப்ட் மேலே, சிலிண்டர்கள் கீழே. அதனால் பிராப் (முன்னால் சுழலும் விசிறி) தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். பைலட்டுக்கும் மூக்குக்கு மேலாக முன்னே பார்க்க முடியும். மூக்கு ஒடுக்கமாக, ஆழமாக இருப்பதும், பிராப் அதன் உச்சிக்கு அருகில் சுழல்வதும் இதனால்தான். குளிர்விக்கும் காற்று முன்னால் ஒரு பக்கத்தில் நுழைந்து, சிலிண்டர்களைக் குறுக்காகக் கடந்து மறுபக்கம் போகும். இந்திய விமானப் படையில் ஹெச்ஏஎல்லின் ஹெச்டி-2 பயிற்சி விமானம் வரும்வரை பயிற்சிக்கு இதுவும் ஓடியது, ஆகவே இந்த மூக்கு நமக்கும் அந்நியமானதில்லை.

அசலின் சிறகு நீளம் 8.94 மீட்டர். கால் அளவில் சுமார் 2.23 மீட்டர். வேலை சுத்தமாக இருந்தால் மாடல் 6.5 முதல் 8 கிலோவுக்குள் முடியும். இரண்டு ஜோடிச் சிறகு, நடுவில் கம்பிகள், தூண்கள், வெளியே நிற்கும் சக்கரக் கால்கள் என்று காற்றை எதிர்க்கும் பொருள்கள் ஏராளம். எஞ்சின் நின்றுவிட்டால் இது மிதந்து வராது, இறங்கிவிடும். ஆகவே எஞ்சினின் குதிரைத்திறனைவிட, தாழ்ந்த வேகத்தில் நிற்காமல் ஓடுமா என்பதை நான் முதலில் பார்ப்பேன். அடுத்தது எடை. டைகர் மாத் மாடல்கள் வால் கனத்தவை. வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 25, 30 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். மற்ற விமானங்களில் எஞ்சின் எடை குறைந்தால் கொண்டாடுவோம். இதில் எடை முன்னால் இருந்தால் அது ஈயத்தை மிச்சப்படுத்தும்.

இந்த இரண்டையும் வைத்து நான்கு வழிகளை எடைபோடுகிறேன்.

இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல்

கடைகளில் முதலில் கைகாட்டுவது இதைத்தான். டிஎல்இ-20, ஜெனோவா ஜி-26 போன்றவை. விலைக்கேற்ற உழைப்பு, மலிவான எரிபொருள். வால்ப்ரோ வகைக் கார்புரேட்டரில் எரிபொருளை இழுக்கும் டயஃப்ரம் பம்ப் உள்ளேயே இருப்பதால் டேங்க் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற கவலை இல்லை. தலைகீழாகப் பொருத்தினாலும் முரண்டு பிடிக்காது. ஜி-26 கனமானது, அந்தக் கனம் இந்த மூக்குக்கு நல்லதே.

ஆனால் இடம்? இந்த எஞ்சின்களோடு வரும் மஃப்ளர் பக்கவாட்டில் நீண்டு நிற்கும். எஞ்சினை மூடும் கவ்லிங்கின் அகலத்துக்குள் அது அடங்காது. ஒன்று கவ்லிங்கை வெட்ட வேண்டும், அல்லது இடத்துக்கேற்ற மஃப்ளரைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். பின்பக்கமாகப் புகை விடும் ஆர்ஏ வகைகள் கொஞ்சம் உதவும். அப்போது எஞ்சினைத் தாங்கும் பலகையான ஃபயர்வாலில் மஃப்ளருக்குக் குழி தோண்ட வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்து ஓடவிட்டால் வருவது மரம் அறுக்கும் செயின் சாவின் இரைச்சல். அந்தச் சத்தத்தோடு ஒரு டைகர் மாத் தலைக்கு மேல் போவதை என்னால் ரசிக்க முடிவதில்லை.

அதிர்வும் அதிகம். கம்பிகளைப் பிடிக்கும் சிறு போல்ட்டுகள், தூண்களின் இணைப்புகள் எல்லாவற்றிலும் திரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடாமல் விடக்கூடாது. இக்னிஷன் பெட்டியை ரிசீவரிலிருந்து 25, 30 செ.மீ. தள்ளி வையுங்கள். திராட்டில் கம்பிக்கு நைலான் இணைப்பு போடுங்கள். உலோகம் உலோகத்தோடு உரசினால் மின் இரைச்சல் கிளம்பும். எரிபொருள் குழாயில் சிலிகான் வேண்டவே வேண்டாம், பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். டேங்க் மூடியின் ரப்பரும் பெட்ரோலுக்கானதாக இருக்க வேண்டும். இப்போது இந்தியாவில் பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் டயஃப்ரத்தையும் பதம் பார்க்கும். பறத்தல் முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதையும் ஓடவிட்டே தீர்த்துவிடுவது நல்லது.

நான்கு ஸ்ட்ரோக் கிளோ

தீப்பொறிக்குப் பதில் சூடேறிய கம்பியுள்ள பிளக்கால் எரிபொருளைப் பற்றவைக்கும் எஞ்சின். பைப்ளேன் (இரட்டைச்சிறகு விமானம்) பிரியர்களின் பழைய காதல் இது. சைட்டோ, ஓஎஸ், இங்கிலாந்தின் லேசர் என 20 முதல் 25 சிசி வரை எத்தனையோ உண்டு. உடம்பு ஒடுக்கமானது. தலைகீழாகத் தொங்கவிட்டால் சிலிண்டர் நேராகக் கவ்லிங்கின் ஆழத்துக்குள் இறங்கும். ஜிப்ஸி மேஜரின் ஒரு சிலிண்டரை மட்டும் எடுத்து வைத்ததுபோல. புகைக்குழாய் மெலிது, அதைக் கவ்லிங்குக்குள்ளேயே வளைத்துக் கீழே விடலாம். பெரிய பிராப்பை மெதுவாகச் சுழற்றும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் தட்தட்டென்று காத்திருந்து, திராட்டிலைத் தள்ளியதும் அடித்தொண்டையில் கிளம்பும் அந்த ஒலிக்கு இணை கிடையாது. எரிபொருளில் ஆமணக்கு எண்ணெய் இருந்தால் வாசனையும் சேரும். முதல் உலகப் போரின் ரோட்டரி எஞ்சின்களும் ஆமணக்கு எண்ணெயைக் கக்கிக்கொண்டுதான் பறந்தன.

இனி அதன் பிடிவாதங்கள். இதற்கு டயஃப்ரம் பம்ப் கிடையாது. டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலின் மட்டத்திலோ, 5 முதல் 10 மி.மீ. கீழேயோ இருக்க வேண்டும். எஞ்சினைத் தலைகீழாக்கும்போது கார்புரேட்டரும் கீழே இறங்கிவிடுகிறது. வரைபடத்தில் டேங்க் இருக்கும் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டால் எரிபொருள் தானாக வழிந்து பிளக்கை நனைக்கும். ஆகவே டேங்கின் தரையைத் தாழ்த்தியாக வேண்டும், அதற்கு ஃபயர்வாலின் பின்னால் உள்ள சட்டங்களை மாற்றி வெட்ட வேண்டும். கட்டுமானம் தொடங்குமுன்பே இதை முடிவு செய்யுங்கள். உடல் ஒட்டி முடிந்தபின் செய்வது பெரும்பாடு.

தலைகீழ் எஞ்சினில் சிலிண்டர் தலைதான் அடிப்பாகம். நின்றிருக்கும்போது எண்ணெயும் எரிபொருளும் அங்கே போய்ச் சேரும். திரவத்தை அழுத்த முடியாது. ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முதலில் பிளக்கில் மின்சாரம் இல்லாமல் கையால் மெதுவாகச் சுற்றுங்கள்; எங்கேயாவது இறுகினால் அங்கேயே நிறுத்தி, பிளக்கைக் கழற்றி வடியவிடுங்கள். தாழ்ந்த வேகத்தில் பிளக் குளிர்ந்து அணைவதும் தலைகீழ் எஞ்சினின் குணம். விமானத்துக்குள்ளேயே ஒரு சிறு பேட்டரி வைத்து, திராட்டில் கால்வாசிக்குக் கீழே வரும்போது பிளக்குக்கு மின்சாரம் தரும் அமைப்பை நான் கட்டாயம் என்றே சொல்வேன். வால்வு இடைவெளியை 0.04 முதல் 0.1 மி.மீ.க்குள் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். இது சுகமான வேலைதான்.

எரிபொருள்தான் பெரிய தடை. மெத்தனால், எண்ணெய், 5 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன் சேர்ந்த கலவை இது. மெத்தனாலுக்குத் தமிழ்நாட்டில் உரிமக் கட்டுப்பாடு உண்டு. விஷச் சாராயச் சாவுகளைப் பார்த்த மாநிலத்தில் அது நியாயமானதும்கூட. முறையான வழியில் எரிபொருள் கிடைக்கும் ஊர்க்காரர்கள் மட்டும் இந்தக் காதலில் இறங்கலாம்.

நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல்

சைட்டோவின் எஃப்ஜி வரிசை போன்றவை. ஒலியும் ஒடுக்கமும் கிளோவிலிருந்து, எரிபொருள் வசதி பெட்ரோலிலிருந்து. எரிபொருள் செலவு கிளோவில் பாதிக்கும் குறைவு. காகிதத்தில் இதுதான் வெற்றியாளர். விலை மட்டும் கண்ணைக் கட்டும். மெத்தனால் ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர்விக்கும் அளவுக்குப் பெட்ரோல் குளிர்விக்காது. மூடிய கவ்லிங்குக்குள், நம் வெயிலில், இது சூடாகும். மெல்லிய அலுமினியத் தகட்டைச் சிலிண்டரைச் சுற்றி வளைத்து, உள்ளே வரும் காற்றெல்லாம் துடுப்புகளின் வழியே மட்டும் போகும்படி அடைக்க வேண்டும். வெளியேறும் வாய், நுழையும் வாயைப்போல இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். இந்தத் தகட்டு வேலை கவ்லிங்குக்குள் அடைபடும் எந்த எஞ்சினுக்கும் வேண்டியதுதான், இதற்கு அரை நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

மின்மோட்டார்

சத்தம் இல்லை, வாசனை இல்லை, உயிரில்லை என்பார்கள். சத்தமும் வாசனையும் இல்லை என்பது உண்மை. மற்றபடி டைகர் மாத்துக்கு மின்மோட்டார் பொருந்தும் அளவுக்கு வேறெதுவும் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். இந்த வகை நிதானமான விமானத்துக்குக் கிலோவுக்கு 150 முதல் 180 வாட் போதும். 7 கிலோ மாடலுக்கு 1,050 முதல் 1,250 வாட். ஆறு செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 22.2 வோல்ட்; முழுத் திராட்டிலில் 50, 55 ஆம்பியர் இழுக்கும். 80 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 300 முதல் 400 கேவிக்குள் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடச் சுற்று) ஒரு மோட்டார், 18 அங்குல மர பிராப். பறக்கும்போது சராசரியாக 25 ஆம்பியர் என்று வைத்தால், 5,000 எம்ஏஹெச் பேட்டரியின் 80 சதவீதத்தில் ஒன்பது, பத்து நிமிடம் கிடைக்கும். பெட்ரோல்காரர் ஒரு டேங்கில் இதைவிட நெடுநேரம் மேலே இருப்பார். அதை மறைக்க வேண்டியதில்லை.

மூக்குக்குள் எட்டிப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். மோட்டார் சிறியது, பிராப் சுழலும் உயரத்தில் மேலே ஒரு பிளைவுட் பெட்டியில் அமர்ந்துவிடும். அதற்குக் கீழே, ஜிப்ஸி மேஜரின் நான்கு சிலிண்டர்கள் தொங்கிய அதே ஆழத்தில், கவ்லிங் முழுக்கக் காலி. அங்கே ஒரு தட்டு போட்டு முக்கால் கிலோ பேட்டரியைத் தள்ளிவிடலாம். ஈயம் வைக்க வேண்டிய இடத்தில் பேட்டரியே ஈயமாகிறது. டேங்க் காலியாகக் காலியாக வால் கனக்கும் தொல்லையும் இல்லை. கவ்லிங்கில் அசலுக்கு இல்லாத ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம். அசலின் காற்று வாயே ஈஎஸ்சிக்கும் பேட்டரிக்கும் போதும்.

இன்னொன்று. ஜிப்ஸி மேஜர் சுழலும் திசை, கடையில் வாங்கும் மாடல் எஞ்சின்களுக்கு நேர் எதிர். காக்பிட்டிலிருந்து பார்த்தால் இடஞ்சுழி. மின்மோட்டாரில் மூன்று ஒயர்களில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் அதே திசை வந்துவிடும். புஷர் வகை என விற்கும் எதிர்த்திசை பிராப்புகள் மரத்திலேயே கிடைக்கின்றன. மேலெழும்பும்போது மூக்கு வலப்பக்கம் இழுப்பதும், இடது ரடர் (வால் சுக்கான்) கொடுத்து அதை நேராக்குவதும் அசல் பைலட் செய்ததுதான். அப்படிச் செய்பவர்கள் இரண்டை மறக்கக்கூடாது. வரைபடத்தில் வலப்பக்கம் 2 டிகிரி சாய்வு என்று இருந்தால் மோட்டாரை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். எதிர்த்திசையில் சுழலும்போது பிராப் நட் தளரப் பார்க்கும், அதனால் பூட்டு நட் கட்டாயம்.

அதிர்வு இல்லாததால் அலங்கார வேலைகளிலும் கை தாராளமாகப் போகலாம். அசலில் எஞ்சின் மூடிகள் மேல்கோட்டில் கீல் வைத்து இரு பக்கமும் திறக்கும். அதை அப்படியே செய்தால் பேட்டரி மாற்றும் கதவு தனியாக வேண்டாம். எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) ரடருக்கும் அசல்போலவே இழுகம்பிகள் போடுங்கள். சர்வோக்களை முன் காக்பிட்டின் தரைக்கடியில் வைத்தால் வால் எடையும் குறையும். ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் சிறகு மடல்) கீழ்ச்சிறகில் மட்டும், மேலே போவது அதிகமாகவும் கீழே வருவது மிகக் குறைவாகவும். அப்போதும் திருப்பத்தில் ரடரைச் சேர்த்தே பிடிக்க வேண்டியிருக்கும். துணிக்கு ஒராடெக்ஸ் போன்றவை நல்ல நெசவு காட்டும். கிளோ போடுபவர்கள் துணியின் ஒவ்வொரு ஓரத்தையும், ஃபயர்வாலையும், காக்பிட் உட்புறத்தையும் எரிபொருள் ஊறாத பூச்சால் மூட வேண்டும். மின்மோட்டார்காரருக்கு அந்த வேலை இல்லை, பளபளப்பில்லாத பழைய வெள்ளிப் பூச்சை அப்படியே விட்டுவிடலாம்.

ஆகவே என் தேர்வு மின்மோட்டார். காலையிலிருந்து மாலைவரை மைதானத்தில் கிடந்து, சார்ஜ் போட வழியில்லாமல் பறப்பவர்களுக்கு நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல். பணம் இடித்தால் ஜி-26 வாங்கி, மிச்சத்தில் நல்ல மஃப்ளர் ஒன்று செய்யச் சொல்லுங்கள். மெத்தனால் முறைப்படி கிடைக்கும் ஊரில், ஒலிக்காகவே இந்த விமானத்தைச் செய்பவர் நான்கு ஸ்ட்ரோக் கிளோவை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் ஃபயர்வாலை ஒட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். சிறகு, வால், சர்வோ, சக்கரம் எல்லாவற்றையும் டேப்பால் தற்காலிகமாகக் கட்டி, எஞ்சினையும் பேட்டரியையும் அவற்றின் இடத்தில் தொங்கவிட்டு, டேங்க் இருந்தால் காலியாக வைத்து, எடைச் சமநிலையைப் பாருங்கள். வால் சாய்ந்தால் மோட்டார் பெட்டியையோ பேட்டரித் தட்டையோ கவ்லிங் இடம்தரும் அளவுக்கு முன்னே நீட்டுங்கள். ஈயம் அதற்குப் பிறகுதான். சமநிலை வந்ததும் 6 மி.மீ. பிர்ச் பிளைவுட்டை, மெதுவாக இறுகும் எபாக்ஸியால், மூலைகளில் முக்கோணக் கட்டைகளோடு ஒட்டுங்கள். எஞ்சினைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுக்கும் பின்பக்கம் டி-நட் (மரத்தில் பதியும் நட்) வைத்துவிட்டு அதன்பின் உடலை மூடுங்கள்.