பினாங்கு கல்லறைத் தோட்டத்தில் துப்பறிந்த காலை

துப்பறியும் விளையாட்டுக்குத் தலைக்கு 60 மலேசிய வெள்ளி. கையில் ஓர் உறை, உள்ளே பழைய வரைபடம், ஐந்து துப்புகள். ஜார்ஜ்டவுன் புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் நடந்தபடியே 'கொலையாளி'யைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கதை சுமார்தான். மூன்றாவது துப்பிலேயே அக்கா மகள், "சித்தி, வைத்தியர்தான்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

ஆனால் இடம் இருக்கிறதே! 1786இல் பினாங்கில் வந்திறங்கி ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் இங்கேதான் கிடக்கிறார். 1794இல் மலேரியாவில் போனவர். 1859இல் இறந்த தாமஸ் லியோனோவென்ஸ் கல்லறையும் உண்டு. இவர் மனைவி அன்னாதான் பிறகு சயாம் (இன்றைய தாய்லாந்து) அரண்மனையில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

ஒரு துப்புக்கு விடை, தேய்ந்துபோன ஓர் ஆண்டு. பாசியில் ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் ஒரு 8 மெல்ல எழுந்து வந்தது. கொடுத்த காசு அந்த நிமிடத்துக்கே சரி.

வழிகாட்டி வந்தது 20 நிமிடம் கழித்து. சமாதி மேல் ஏறிப் படமெடுத்தவர்களை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எரிச்சல். கொசுவைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. கெம்போஜா என்ற பூமரத்தடியில் நின்றால் கால் சல்லடைதான். முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.